ஃபயரின் பூர்வீகமும் எங்கள் வீட்டு அடுப்பும்

ரங்கூனை விட்டு ஓடிவந்து எங்கெங்கோ ஒண்டியிருக்கும் என் மக்களே, திருத்தணிப் பக்கம் வந்தால் விளக்கு வைத்த பிறகு நெருப்புக் கேட்டுவிடாதீர்கள். உயிரைக் கேளுங்கள், தருவார்கள். நெருப்பு மட்டும் கிடையாது. வெள்ளிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம். லட்சுமி வெளியே போய்விடுவாளாம். ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டு பர்மாக்காரி எந்நேரம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே கங்கு அள்ளிப் போடுவாள். அவள் வீட்டு லட்சுமிக்கு இந்தக் கோபமெல்லாம் கிடையாது.

எனக்கு இது தெரியவந்தது ஐப்பசி மழையில். மூன்று வயது மகளுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு, துவண்டு கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுப்பு அணைந்துவிட்டது. யுத்தகாலத் தீப்பெட்டியின் கடைசிக் குச்சியும் நமத்துப்போய் மருந்து உதிர்ந்தது; இருட்டியும் விளக்கேற்ற வழியில்லை. என் வீட்டுக்காரர் ரங்கூனில் இங்கிலீஷ் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தியவர். கவலை வந்தால் அவருக்கு இங்கிலீஷ் வந்துவிடும்.

“ஃபயர்ங்கிற வார்த்தையப் பாரு. துப்பாக்கி சுட்டாலும் ஃபயர், வேலைய விட்டுத் தொரத்தினாலும் ஃபயர். ரயிலு எஞ்சின்ல கரி அள்ளிப் போடறவன் ஃபயர்மேன். நெருப்புக்குக் கிரேக்கர் சொல்ற ‘பூர்’ங்கிற வார்த்தையும் இதுவும் ஒரே வயித்துப் புள்ளைங்க, தெரியுமா?”

“பூர்வீகம் கெடக்கட்டும். அதுல அடுப்பு பத்துமா?” என்றேன். சொல்லுக்குக்கூடப் பூர்வீகம் தேடிக் கொடுக்கிற மனிதர்! இது அவருடைய சொந்த ஊர். ரங்கூனில் பிறந்த நான் இந்த மலையைப் பார்த்ததே போன வருஷம்தான். ஆனால் மருந்து உதிர்ந்த குச்சியையே அவர் திரும்பத் திரும்ப உரசுவதைப் பார்த்ததும் என் கேலி நின்றுவிட்டது. குண்டு விழுந்து எங்கள் தெரு எரிந்தபோதும் இப்படித்தான் இங்கிலீஷ் பேசிக்கொண்டே இருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது.

கொட்டாங்கச்சியோடு அடுத்த வீட்டுத் தறிக்காரர் மனைவி ராஜம்மாவிடம் ஓடினேன்.

“வெளக்கு வெச்சாச்சேம்மா. வெள்ளிக்கெழம நெருப்பு குடுத்தா வூடு வெளங்குமா?”

“கொழந்தைக்குக் கஞ்சி வைக்கணும்க்கா.”

“அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? போம்மா, போ.”

பாவி என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளே வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் ஆவி பறக்கும் கஞ்சிச் சட்டி, மறு கையில் அரிக்கேன் விளக்கு.

“நெருப்பு தரமாட்டேன்னுதான் சொன்னேன். கஞ்சி தரமாட்டேன்னா சொன்னேன்? இந்த வெளக்கும் எங்கூடவே வந்துச்சு, எங்கூடவே திரும்பிப் போவும், ஆங்!”

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உப்புக்கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கஞ்சி வயிற்றில் தங்கியது. என் வீட்டுக்காரர் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

மகள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். “ரங்கூனுக்கு, நம்ம வீட்டுக்குப் போலாமா?”

“இதாங் கண்ணு நம்ம வூடு,” என்றாள் ராஜம்மா.

“போலாம்டி,” என்றேன் நான், அதே நேரத்தில்.

பிள்ளை இரண்டையும் கேட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.