போத்தலில் ஊற்றித் தராத கடை

தங்கராஜு அண்ணன் எங்கள் ஊரான லாபிஸை விட்டுப் போனது பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலை ரயிலில் ஜொகூர் பாரு போய், அங்கிருந்து பாசிர் கூடாங்கில் இருக்கும் மகன் வீட்டுக்கு. கையில் ஒரே ஒரு பை. அவருடைய தங்கை மலர் அக்கா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடை இருவருக்கும் சொந்தம். ரப்பர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்குப் பால் வெட்டும் கத்தி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு, உரம், பாலை உறைய வைக்கும் ஆசிட் எல்லாம் அங்கே கிடைக்கும்.

"போத்தல்ல ஊத்தித் தரலன்னா ஒருத்தனும் வரமாட்டான். இந்தக் கடை தீபாவளியப் பாக்காது," என்றார் அண்ணன்.

"பாத்துச்சுன்னா?"

"பாத்துச்சுன்னா சொல்லி அனுப்பு."

"நான் எதுக்குச் சொல்லி அனுப்பணும்? நீயே வந்து பாருண்ணே."

அண்ணன் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார். நான் பல நாடுகள் சுற்றிவிட்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பி, கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதனால் படிக்கட்டில் நின்றபடியே இதையெல்லாம் கேட்டேன்.

போத்தல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் ஆசிட் பெரிய நீல டிரம்மில் வரும். சிறு தோட்டக்காரருக்கு ஒரு டிரம் எதற்கு? ஜூஸ் போத்தல், மினரல் வாட்டர் போத்தல், சாஸ் போத்தல் என்று வீட்டில் காலியானதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அண்ணன் புனல் வைத்து ஊற்றித் தருவார். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தோலில் பட்டால் வெந்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

அண்ணன் போவதற்கு முன், அந்த மார்கழியில் ஒரு நாள் பேச்சியம்மாள் வந்தார். அறுபது வயதுக்காரர், மூன்று ஏக்கர் ரப்பரைத் தானே வெட்டுகிறவர். அண்ணன் அவருடைய போத்தலில் ஆசிட்டை ஊற்றித் தந்தார். பேச்சியம்மாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்திலுள்ள சர்புதீனின் டீக்கடைக்குப் போய், குடிப்பதற்கு அதே மாதிரி போத்தலில் ஒரு பானம் வாங்கினார். அதுவும் அதே பையில். அன்று அவருக்குக் கடுமையான சளி, மூக்கில் வாசனையே ஏறவில்லை. தவறான போத்தலைத் திறந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

அவர் அலறித் துப்பிய சத்தம் எனக்கு மாடியில் கேட்டது. நான் இறங்குவதற்குள் சர்புதீன் பாய் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். "வாந்தி எடுக்கட்டும், எல்லாம் வெளிய வந்துரும்!"

மலர் அக்கா அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டார். "உள்ள போகும்போது சுட்டது, திரும்பி வரும்போதும் சுடும் பாய்! வெறும் தண்ணி கொண்டாங்க, நிறைய!" என்றவர் பேச்சியம்மாளைக் குனியவைத்து வாயைக் கொப்பளிக்க வைத்தார். உதட்டிலும் முகவாயிலும் குழாய் நீரை நிறுத்தாமல் விட்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை குழாயைக் கீழே வைக்கவில்லை. பெரும்பகுதியைத் துப்பிவிட்டதால் பேச்சியம்மாள் பிழைத்தார். சிகாமட் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கஞ்சிதான்.

அண்ணனை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் புனலைத் தொடவில்லை. மலர் அக்கா, "இனிமே குடிக்கிற போத்தல்ல ஆசிட் கிடையாது" என்று அறிவித்ததும் சண்டை வெடித்தது. வியாபாரம் படுத்துவிடும் என்று அண்ணன் கத்தினார். உண்மையில் தான் ஊற்றித் தந்த அந்தப் போத்தலை நினைத்துத்தான் அவர் ஓடினார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மலர் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில், பிறந்தவர். செனாயில் பத்து வருஷம் தொழிற்சாலை வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதற்கு இன்றுவரை வருந்தியதில்லை. பூப்பந்து ஆட்டத்தில் தோற்றால் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். காலையில் லாரியை எடுத்தால் வானொலியோடு சேர்ந்து பாடுவார், சுருதி எங்கோ போகும், குரல் எங்கோ போகும். நான் பார்த்த மனிதர்களில் தன் நாளைத் தானே விரும்பி வாழ்கிறவர் அவர்.

அண்ணன் போன பிறகு புது முறையைத் தொடங்கினார். ஆசிட்டை அப்படியே விற்பதில்லை. கடைக்குப் பின்னால் திறந்த வெளியில் தானே நீரில் கலந்து, நேராக மங்கில் விடும் பதத்துக்கு ஆக்கி, தடித்த கேன்களில் அடைத்து, வாரம் இரண்டு முறை லாரியில் தோட்டத்துக்கே கொண்டுபோய்த் தருவார். கூடவே, வளைந்த மூக்குள்ள சிவப்புப் பீச்சுக்குப்பி ஒன்று இலவசம். "இதுல வாய வெச்சுக் குடிக்கப் பாத்தா மூஞ்சிலதான் பீச்சும்," என்பார்.

கலக்கும் நாளில் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் வரவில்லையென்றால் அன்று டிரம்மைத் தொடமாட்டார், யார் வந்து கத்தினாலும் சரி. முழங்கை வரை கையுறை, கண்ணாடி, முன்னங்கி, காற்று முதுகுப் பக்கம். டிரம் மூடியை ஒரே திருகில் திறக்கமாட்டார். கொஞ்சம் தளர்த்தி, உள்ளே அடைந்த காற்று உஸ்ஸென்று போகும்வரை விலகி நிற்பார். தண்ணீர் நிறைந்த தொட்டியில் ஆசிட்டை ஊற்றுவாரே தவிர, ஆசிட்டில் தண்ணீரை ஒருநாளும் ஊற்றமாட்டார். அப்படி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அந்த நேரத்தில் மட்டும் பாட்டுக் கிடையாது.

வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். சர்புதீன் பாய்க்கும் கம்பத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் உண்டு. "பால்ல தண்ணி கலந்து விக்கிறவன பாத்திருக்கேன் தங்கச்சி. ஆசிட்ல தண்ணி கலந்து விக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்," என்றார்.

எல்லாரையும்விட எனக்குச் சிரிப்பு வந்தது பேச்சியம்மாளைப் பார்த்துத்தான். குரல் கரகரத்துப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், முதல் வேலையாக ஒரு ஜூஸ் போத்தலை நீட்டினார்.

"மலரு, இதுல ஊத்து."

"அலமாக்! பேச்சிக்கா, உங்களாலதான் இத நிறுத்தினதே!"

"அதான் சொல்றேன் புள்ள. ஊர்லயே இதக் குடிச்சுப் பாத்தவ நான் ஒருத்திதான். நான் மறுபடியும் குடிப்பேனா? எனக்கு மட்டுமாச்சும் ஊத்தலாம்லா."

மலர் அக்கா ஊற்றவில்லை. பேச்சியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே சிவப்புக் குப்பியை வாங்கிப் போனார்.

முதல் கேன்கள் போன வாரமே விபரீதம் நடந்தது. இது கலந்தது, மறுபடி தண்ணீர் சேர்க்க வேண்டாம் என்று மலர் அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தார். எல்லாரும் "சரிலா, சரிலா" என்றார்கள். ஆனால் கை பழகின கையாயிற்றே! ஆசிட் என்றால் ஒரு பக்கெட் தண்ணீர் என்று எத்தனை வருஷப் பழக்கம். கலந்ததையே திரும்பவும் பக்கெட்டில் கலந்தார்கள். பீச்சினார்கள். மங்குகளில் பால் பாலாகவே நின்றது. சாயங்காலம் கொட்டிய மழையில் அவ்வளவும் வழிந்து மண்ணோடு போனது.

மறுநாள் கடை முன்னால் ஒரே கூச்சல். சர்புதீன் பாய் வெற்று மங்கைக் காட்டினார். "ஒரு நாள் உழைப்பு தங்கச்சி! உங்க அண்ணன் ஊத்தித் தந்தது கல்லு மாதிரி உறையும்!" பாதிப் பேர் சந்திமுனையில் இருந்த வேறு கடைக்கு நடந்தார்கள். அங்கே எந்தப் போத்தலிலும் ஊற்றித் தருவார்கள்.

அடுத்த சில நாட்கள் கேன்கள் அடுக்கியபடியே கிடந்தன. அண்ணனைக் கூப்பிட்டுப் பேசலாமே என்றேன்.

"கூப்பிட்டு என்னான்னு சொல்றது? கடை விழுந்துருச்சுன்னா அவர் சொன்னது சரியாயிரும். அப்புறம் அந்தப் போத்தல நெனச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துருவாரு. கடை நின்னாத்தான்மா அவருக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கும்." மலர் அக்கா லாரிச் சாவியை எடுத்தபடி, "வாயால சொன்னேன், கையால காட்டல. கிளம்பு, லாரில ஏறு," என்றார்.

ஒரு மாதம் நானும் கூடவே சுற்றினேன். வெட்டு முடியும் நேரத்துக்கு ஒவ்வொரு தோட்டமாகப் போனோம். முதல் வரிசை மரங்களுக்கு மலர் அக்காவே நின்று பீச்சிக் காட்டுவார். யாராவது பக்கெட்டைத் தூக்கினால் போதும். "பக்கெட்ட வைங்க! குளிக்கவா போறீங்க?" பிறகு அங்கேயே உட்கார்ந்து பிஸ்கட் தின்போம், கொசுக்கடியோடு. பிஸ்கட் தீரும்போது மங்கைச் சாய்த்துக் காட்டுவார். பால் வழியாமல் தயிர்போல நின்று குலுங்கும்.

சர்புதீன் பாய் தன் மங்கை மூன்று தடவை சாய்த்துப் பார்த்தார். "சரி, இதுல தண்ணி இருக்கு. ஆனா ஏமாத்து இல்ல," என்றார். அடுத்த வாரம் அவருடைய டீக்கடைச் சுவரிலேயே ஒரு சிவப்புக் குப்பி தொங்கியது. கேட்பவர்களுக்கு அவரே விளக்கம் சொன்னார், என்னமோ தானே கண்டுபிடித்தது போல.

சந்திமுனைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை. தோட்டத்துக்கே வந்து இறக்கித் தருகிறார்கள் என்பதற்காகச் சிலர் வந்தார்கள், கையில் கொப்புளம் இல்லை என்பதற்காகச் சிலர். கடை பழையபடி பெருகியது என்று சொல்லமாட்டேன். நின்றது. தீபாவளிக்கு மலர் அக்கா எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் முறுக்கு கொடுத்தார், எனக்கு இரண்டு பொட்டலம்.

அன்று பேச்சியம்மாள் கடையில் நின்றபடி அண்ணனுக்குப் போன் போட்டார். கரகரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி: "ஏன்டா தம்பி, குடிச்சது நானு, ஓடிப்போனது நீயா? எனக்கு ஒண்ணும் இல்லடா. நேத்துக்கூட ரெண்டு தட்டு மீன்கறிச் சோறு சாப்பிட்டேன். ஊரு வந்து சேரு!"

மறுமுனையில் அண்ணன் போனை வைத்துவிட்டாராம். "வைக்கட்டும், அடுத்த வாரமும் போடுவேன்," என்றார் பேச்சியம்மாள். மலர் அக்கா கேட்காத மாதிரி கேன் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

அடுத்த பொங்கலும் வந்து போனது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதம் வந்தது. வேலை குறைவு, நாங்கள் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அன்னாசி தின்றுகொண்டிருந்தோம். மலர் அக்காவின் கைப்பேசி ஒலித்தது. அவர் படித்தார். என்னிடம் நீட்டிவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனார்.

"மலரு, பேச்சிக்கா வாரா வாரம் போன் பண்ணி ஏசுறாங்க, தாங்கல. சனிக்கிழமை காலை ரயில்ல வரேன். இனிமே லாரிய நான் ஓட்டுறேன். போத்தலத் தூக்கிட்டு எவன் வந்தாலும் நானே திருப்பி அனுப்புறேன். எனக்குக் கையுறை பெரிய சைஸா ஒரு சோடி வாங்கி வை."