என் மகளின் வண்டியைத் தள்ளியவர்

இங்கே லெஸ்டர் நகரத்தில் பேருந்து எங்களுக்காகக் குனிகிறது. நிறுத்தத்தில் என் மகள் கயல் உட்கார்ந்திருக்கும் தள்ளுவண்டியை, இங்கே சொல்கிற புஷ்சேரை, கண்டதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். பேருந்து புஸ்ஸென்று மூச்சு விட்டபடி நடைபாதைப் பக்கம் சாய்ந்து தாழும். உள்ளேயிருந்து ஒரு பலகை நீளும். வந்த புதிதில், எல்லோரையும் காக்க வைக்கிறோமே என்று ‘சாரி, சாரி’ சொல்லிக்கொண்டே ஏறுவேன். ஒருநாள் ஓட்டுநர் எழுந்து வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று பதறிக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை. கயலைப் பெற்றதிலிருந்து ஊரில் எல்லோரிடமும் அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிப்போயிருந்தது.

கயல் 2004இல் கடலூரில் பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை. மூளைவாதம் என்றார்கள். மூன்று வயதிலும் கழுத்து நிற்கவில்லை, இடுப்பு நிற்கவில்லை. பயிற்சி கொடுத்த பெண் ஒரு காகிதத்தில் நாற்காலிப் படம் வரைந்து, இந்தக் கோணத்தில் உட்காரவைத்தால்தான் முதுகு வளையாமல் வளரும் என்றார். அந்தப் படத்தை முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்த பாஷா பாயிடம் கொண்டுபோனேன். அவர் கயலை நான்கு முறை அளவெடுத்தார். சின்ன சைக்கிளின் சக்கரங்கள், பிரம்பு இருக்கை, காரிலிருந்து கழற்றிய பெல்ட் என்று சேர்த்து ஒரு வண்டி செய்தார். அதில் உட்கார்ந்த அன்றுதான் என் மகள் முதன்முதலாகத் தெருவை நிமிர்ந்து பார்த்தாள்.

மறு வருடம் சிதம்பரத்தில், என் கணவரின் அண்ணன் வீட்டில், அவருடைய பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்து நாலு பேரால் மதிக்கப்படுகிறவர் அவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அன்று கயலையும் என்னையும் பின்கட்டு அறையில் இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். வந்தவர்கள் போன பிறகு பார்த்தால் வண்டியைக் காணவில்லை.

“அதுவா? காலையில பழைய இரும்புக்காரன் வந்தான், போட்டுட்டேன்மா. வாசல்ல அது நின்னா வர்றவுங்க என்னா நெனப்பாங்க?” என்றார் மாமா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடலூருக்குத் திரும்பி முதுநகருக்கு ஓடினேன். பாஷா பாய் கடையை விற்றுவிட்டு சவுதிக்குப் போயிருந்தார். வேறு யார் செய்தும் அந்தக் கோணம் வரவில்லை. கயல் ஒரு வருடத்துக்கும் மேல் பாயில் கிடந்தாள்.

கணவரின் வேலைக்காக 2009இல் இங்கே வந்தோம். சாரா என்ற தெரபிஸ்ட் வீடு தேடி வந்து கயலை அளந்து, தலைக்கும் விலாவுக்கும் தாங்கல் வைத்த ஊதா நிற புஷ்சேரை வரவழைத்துக் கொடுத்தார். பிறகு எக்ஸ்ரேயைக் காட்டினார். முதுகெலும்பு கேள்விக்குறி மாதிரி வளைந்திருந்தது. இடையில் சரியான இருக்கை இல்லாமல் இருந்தாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து மாமாவை நான் ஒருநாளும் மறந்ததில்லை. சப்பாத்தி தேய்க்கும்போதும் அவர் முகம்தான் வரும். அழுத்தித் தேய்ப்பேன்.

2012இல் மாமாவின் இளைய மகளுக்குக் கல்யாணம். கூடவே அவரிடமிருந்து ஒரு வேண்டுகோள்: மகன் கார்த்திக்குக்கு லெஸ்டரில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, எங்கள் வீட்டில் ஓர் அறை வேண்டும். நேரில் பேசலாம் என்று சொல்லிவிட்டு, புஷ்சேரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வரவேற்பு மாலையில் எல்லோரும் தெற்கு வீதி வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பினார்கள்.

“மாமா, கயல நீங்கதான் தள்ளிக்கிட்டு வரணும். அப்புறமா ரூம் பத்திப் பேசலாம்” என்றேன்.

“வேன் நிக்குதேம்மா.”

“வேன் வேணாம்.”

அவர் தன் தம்பியைப் பார்த்தார். என் கணவர் இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

பட்டு வேட்டியோடு மாமா கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினார். வண்டி நகரவில்லை. பிரேக் கீழே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவர் குனிந்து, முட்டி போட்டு, என் மகளின் காலடியில் தடவித் தடவி அதை விடுவித்தார். தெரு நின்று பார்த்தது. கடைக்காரர் ஒருவர், யாரண்ணே பாப்பா என்று கேட்டார். மாமா ஏதோ முணுமுணுத்தார்.

“அவருக்குக் காதுல விழல மாமா” என்றேன்.

“என் தம்பி பொண்ணு. பேரு கயல்” என்றார், சத்தமாக.

மண்டப வாசலில் சம்பந்தி வீட்டார் முன்னாலும் அதையே சொல்லவைத்தேன். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் குலுங்கக் கயல் வழியெல்லாம் சிரித்தாள். மாமாவின் கழுத்தில் வியர்வை வழிந்தது. எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். மன்னித்துவிட்டாயா என்று கணவர் கேட்டதற்கு, முதுகு நிமிரட்டும், பார்க்கலாம் என்றேன். சொன்ன சொல்லுக்குக் கார்த்திக்குக்கு அறை கொடுத்தேன்.

மண்டப வாசலில் மாமா கயலின் வண்டியைப் பிடித்தபடி நிற்கும்போது எடுத்த படத்தைச் சட்டம் போட்டு இங்கே கூடத்தில் மாட்டியிருக்கிறேன். சிதம்பரத்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை. கல்யாண ஆல்பத்தில் அந்த ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று கார்த்திக் சொன்னான். போன வாரம் கயலை அளக்க வந்த சாரா அதன் முன் வெகுநேரம் நின்றார். “ஹவ் லவ்லி! இந்தப் பெரியப்பாவுக்கு இவள்மேல் எவ்வளவு பிரியம்!” என்றார். கயல் படத்தைப் பார்த்துக் கையை ஆட்டி, “பெயப்பா” என்று சிரித்தாள்.

சாராவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. கயலிடம் சொல்லத் தமிழ் இருந்தும் வாய் வரவில்லை.