மோந்து பார்க்கும் வேலை

ஓசூரில் எங்கள் கம்பெனிக்கு ஒரே வேலைதான். ராணுவத்துக்குப் போய்த் திரும்பிவரும் குடிதண்ணீர்ப் பைகளைக் கழுவி, காயவைத்து, மடித்து, அடுத்த முகாம் வரைக்கும் அடுக்கி வைப்பது. உள்ளே சொட்டு ஈரம் நின்றாலும் பூசணம் பிடித்துவிடும். அதனால் லாரியில் ஏற்றுமுன் ஒவ்வொரு பையின் வாயையும் திறந்து மோந்து பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் எல்லாம் கிடையாது. வெள்ளையம்மா அக்காவின் மூக்குதான்.

அஞ்செட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனி ஆளாக ஓசூரில் ஒற்றை அறையில் இருந்தாள். "சுகுணா, மொதல்ல நீ பாரு" என்று தினமும் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாள். பெரிய மனசு, வேலை கற்றுத்தருகிறாள் என்று நான் பூரித்துப்போவேன்.

ஐப்பசியில் தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். அந்த நாட்களில் போன நாற்பது பைகளும் பூசண வாடையோடு திரும்பி வந்தன. சரியாகக் காயவைக்கவில்லை என்று, பைகளைக் காயப்போட்டு மடிக்கும் மாரிசாமி அண்ணனை மேனேஜர் வேலையை விட்டே அனுப்பிவிட்டார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்குத்தான் வயிறெரிந்தது.

மறுநாள் மத்தியானம் குழாயடியில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எனுக்கு வாசமே தெரியாது புள்ள. கொரோனாவுல போனது, திரும்பி வரல. உன் மூஞ்சியப் பாத்துதான் இத்தன வருசமா சொல்லிட்டிருந்தேன். நீ இல்லாத அன்னிக்கு எல்லாத்தயும் சரின்னுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மனுசன் வயித்துல அடிச்சிட்டு எப்பிடிக்கா சோறு எறங்குது? போய்ச் சொல்லு."

"சொன்னா எனுக்கு வேற எங்கடி வேல குடுப்பாங்க?"

"அந்த அண்ணனுக்கு மட்டும் யாரு குடுப்பா?"

சாயங்காலமே அக்கா மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேனேஜர் நம்பவில்லை. பினாயில் பாட்டிலைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். நாங்கள் எல்லாரும் பார்க்க, முகம் சுளிக்காமல் இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

நியாயம் செய்துவிட்ட பெருமையில் மாரிசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். பெங்களூரில் ஏதோ அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டாராம்.

"அண்ணா, தப்பு உங்களுது இல்லன்னு தெரிஞ்சிபோச்சு. வெள்ளையம்மா அக்கா ஒத்துக்கிச்சு. அத வேலய விட்டு அனுப்பிட்டாங்க."

"ஈரத்தோட மடிச்சது நான்தாம்மா. மழ விடல, காயப்போட எடமில்ல, தெரிஞ்சேதான் மடிச்சேன். அதான் வாயத் தொறக்காம வந்துட்டேன். அந்தம்மாவ எதுக்குச் சொல்ல வெச்ச?"