அரண்மனைச் சீனுக்குப் பின்னால்

நேற்று மட்டக்களப்பில் ஒரு நடன நாடகத்துக்குப் போயிருந்தேன். திரை மேலேறும்போது கப்பி கிறீச்சிட்டது. எனக்குப் பல் கூசியது. முன்வரிசையில், பொன்னாடை போர்த்தியபடி, பழைய நாடகக் கம்பனி முதலாளி இருந்தான். ‘இருந்தார்’ என்று எழுத மனம் வரவில்லை.

அவன் கம்பனியில் அம்மா பாடினார். மேடையில் அல்ல. அரண்மனை வரைந்த சீன் திரைக்குப் பின்னால், முகப்பவுடரும் வியர்வையும் நாறும் இருட்டில் நின்று அம்மா பாடுவார். முன்னால் ராசகுமாரி வாயை மட்டும் அசைப்பாள். கறுத்துத் தடித்தவள் ராசகுமாரியாக முடியாது என்பது அவன் சட்டம்.

ஒருநாள் நான் சனத்தோடு வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டின் நடுவில் கயிறு இழுப்பவர் தவறான கயிற்றை இழுத்துவிட்டார். அரண்மனை மேலே போனது. வீட்டுச் சேலையில், கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார் அம்மா. யாரோ கைதட்டினார்கள், பிறகு மண்டபமே தட்டியது.

“சீனை விடு! விடடா!” என்று அவன் கத்தினான். அம்மாவின் முகத்தை மறைத்து அரண்மனை இறங்கியது. அம்மா பாட்டை நிறுத்தவில்லை.

நாடகம் முடிந்ததும் அம்மாவிடம் வந்தான்.

“என்ட நாடகத்தக் கெடுத்துப்போட்டீங்க. இனி வராதீங்க.”

கயிறு இழுத்தவருக்கு வேலை போகவில்லை.

நேற்று இடைவேளையில் என்னை அடையாளம் கண்டு சிரித்தான்.

“அம்மா இப்பயும் பாடுறாவா, மகள்?”

“ஓம். கோயில்ல, சனத்துக்கு முன்னால நிண்டு பாடுறா. நீங்க வராதீங்க.”