சூடாகாத எஞ்சின்

இது நடந்த கதை. கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். தேதியும் நேரமும் யசீகரன் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். காரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒக்லண்டில் இருக்கிறார்கள், அவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பானேன்.

1996ஆம் ஆண்டு. ஜப்பானில் இருந்து கப்பலில் வரும் பழைய கார்களைச் சரிபார்த்து விற்கும் ஒரு யார்டு நகரின் தெற்கே ஒடாஹுஹுவில் இருந்தது. யசீகரன் அங்கே மெக்கானிக். ஊர் சாவகச்சேரி. வீடு நகரின் மேற்கே கிளென் ஈடனில், வாடகைக்கு. மனைவி கஜந்தினி. இரண்டு கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய ஒரே பிள்ளை அட்சயா. வயது ஐந்து. வீட்டில் அவளை ‘அச்சு’ என்பார்கள். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டால், அவள் உள்ளே போய் மறையும்வரை யசீகரன் காரை எடுக்க மாட்டான். அப்படி ஒரு அப்பன்.

ஜூன் கடைசியில் அந்த சிவப்புக் கார் வந்து இறங்கியது. எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ இரண்டு, மூன்றாம் தலைமுறை. ஒரே பெயரில் அந்தக் காரை மூன்று தடவை புதிதாகச் செய்தார்கள். முதல் இரண்டும் தெருவுக்குத் தெரு நிற்கும். மூன்றாவது கொஞ்சம்தான் வந்தது, வந்ததிலும் பாதி செத்துப்போனது. அந்த எஞ்சின் சூடு தாங்காது. ஒடுங்கிய இடத்தில் இரண்டு டர்போவை அடைத்ததில் ரப்பர்க் குழாய்கள் வெந்து வெடிக்கும். எண்பதாயிரம் கிலோமீட்டருக்குள் எஞ்சினை இறக்கிப் பழுது பார்க்காத ஒன்றை யசீகரன் பார்த்ததே இல்லை.

இது ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஓடியிருந்தது. எஞ்சினை யாரும் தொட்ட அடையாளமே இல்லை. குழாய்கள் நேற்றுப் போட்டவை போல மெத்தென்று இருந்தன. எந்த மேட்டில் மிதித்தாலும் சூடு காட்டும் முள் பாதிக்கு மேலே ஏறவில்லை. புத்தியுள்ளவன் சந்தேகப்பட்டிருப்பான். யசீகரனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விற்பனைக்கு வைக்க விடாமல் தானே வாங்கிக்கொண்டான்.

ஜூலை 2, செவ்வாய். மாலை 5.50. இங்கே ஜூலை குளிர்காலம் என்பதால் நன்றாக இருட்டிவிட்டது. ஒடாஹுஹுவில் இருந்து வந்து கராஜில் நிறுத்தி, சாவியை உருவினான். எஞ்சின் ஓடியது. அதில் தவறில்லை. டர்போ ஆறுவதற்காகச் சாவியை எடுத்த பின்னும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடும் டைமர் அந்தக் காரில் இருந்தது. 60, 59, 58 என்று இறங்கி, பூச்சியத்தில் எஞ்சினை நிறுத்தும்.

அன்று 14இல் நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பொனட்டில் கை வைத்தான். அரைமணி நேரம் ஓடி வந்த கார்... பொனட் சில்லென்று இருந்தது. பின் கண்ணாடி மட்டும் உள்ளே வியர்த்திருந்தது. கதவைத் திறந்து பின் இருக்கையைத் தொட்டான். சுட்டது. ஹீட்டர் போடவே இல்லை.

5.58க்கு எஞ்சின் தானாக நின்றது. வயரில் ஏதோ கோளாறு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனான்.

ஜூலை 4, வியாழன். 6.12.

டைமர் மறுபடி 14இல் நின்றது. குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் டப்... டப்... என்று ஒரு சத்தம். சின்னக் கை கண்ணாடியில் தட்டுகிற சத்தம்.

பிறகு ஒரு குரல். மெல்லிய குரல். தண்ணீர் கிடைக்காத தொண்டை.

“அச்சு...”

திரும்பினான். யாரும் இல்லை.

“அச்சு... அச்சு...”

அவனுடைய பிள்ளையின் பெயர்.

கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்குள் ஓடினான். அட்சயா மேசையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“அப்பா, ஹூ இஸ் க்ரையிங் இன் த கார்?”

அன்று இரவு அவன் கண்மூடவில்லை. பேய் வந்து அவனுடைய பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறது. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? கஜந்தினியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. விடிந்ததும் நகரின் மறுகோடியில் இருந்த பாட்டனி டவுன்ஸுக்குப் போன் எடுத்தான்.

அங்கே ராம்பிரசாத் இருந்தான். தமிழ்நாட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை. தமிழ்ச் சங்கத்தில் பழக்கம். அந்தக் காரை ஒருதரம் பார்த்துவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டவன். அவனுக்கு ரத்னா என்று மனைவி, முகுந்த் என்று மூன்று வயது மகன். யசீகரன் இதை நன்றாக யோசித்தான். பேய் தேடுவது அச்சுவை. அந்த வீட்டில் அச்சு என்று ஒருவரும் இல்லை. அங்கே போய்க் கத்திவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை காலையே காரைக் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி பஸ்ஸில் வரும்போது விசிலடித்துக்கொண்டு வந்தானாம். அதையும் அவனே சொன்னான்.

ஜூலை 10, புதன். காலை 11.05. ஜப்பானியக் கார்ப் பத்திரங்களை வாசித்துச் சொல்ல யூகோ என்ற பெண் யார்டுக்கு வந்திருந்தாள். யசீகரன் சும்மா கேட்பது போலக் கேட்டான், உங்கள் பாஷையில் அச்சு என்று ஏதாவது இருக்கிறதா என்று.

அவள் சிரித்தாள். சரியான சொல் ‘அட்சுய்’, குழந்தைகள் வாயில் அச்சு என்றுதான் விழும் என்றாள். சுடுகிறது, தாங்க முடியவில்லை என்று அர்த்தமாம்.

அந்த சிவப்புக் காரின் பத்திரத்தையும் எடுத்து வாசித்தாள். 1993 ஆகஸ்ட். பின் இருக்கை மாற்றப்பட்டது. காரணம் எழுதும் இடம் காலி. ஜப்பானில் ஆகஸ்ட் கொடிய வெயில் காலம் என்பதையும் அவளே சொன்னாள்.

யசீகரனுக்கு எல்லாம் புரிந்தது. அது யாருடைய பெயரும் இல்லை, பூட்டிய காருக்குள் வெந்த ஒரு பிள்ளையின் கதறல். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அதற்குச் சரி. அந்த எஞ்சின் ஏன் சூடாகவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. சூடு முழுவதும் பின் இருக்கைக்குப் போகிறது.

அன்று மாலை 6.30க்குப் போன் எடுத்தான்.

“யசி! வண்டி சூப்பரா ஓடுது. முள்ளு பாதிக்கு மேல ஏறவே மாட்டேங்குது” என்றான் ராம்பிரசாத். “முகுந்த் எறங்கவே மாட்டேங்கிறான். பின் சீட்லயே உக்காந்து தனியா பேசிக்கிட்டிருக்கான்.”

யசீகரன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் கார் திரும்பி வரும். கிளென் ஈடன் கராஜுக்கு. அட்சயா தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

“நல்லது. சும்மாதான் எடுத்தனான்” என்று சொல்லிப் போனை வைத்தான்.

வியாழன் சொல்லவில்லை. வெள்ளியும் சொல்லவில்லை. இதை என்னிடம் சொன்னபோது அவன் அழவில்லை. எனக்குத்தான் அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

ஜூலை 13, சனி. காலை 10.20. புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை. முகுந்தைக் காணோம் என்று தேடியவர்கள் கராஜுக்குள் போனார்கள். காரின் கதவுகள் பூட்டியிருந்தன. சாவி சமையலறை ஆணியில் தொங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடி முழுவதும் வியர்வை. அதில் சின்னக் கைகளின் அடையாளம். கண்ணாடியை உடைத்து எடுத்தபோது பிள்ளைக்கு உயிர் இல்லை.

வெளியே நான்கு டிகிரி. பிள்ளை வெப்பத்தால் இறந்ததாக டாக்டர் எழுதினார். எழுதிவிட்டு, எப்படி என்று ராம்பிரசாத்திடமே கேட்டாராம்.

செத்த வீட்டுக்கு யசீகரன் போனான். பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கவும் செய்தான்.

ஒரு மாதம் கழித்து ரத்னா போன் எடுத்தாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும். முகுந்த் அந்த வாரம் பூரா கார்ல உக்காந்து அச்சு, அச்சுன்னே சொல்லிட்டிருந்தான். உங்க பொண்ணுக்கு அந்தப் பேர்தான்னு இவர் சொன்னாரு. ஆமாவா?”

அவர்களுக்குள் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அவன்.

“ஓம் தங்கச்சி. என்ர மகள்தான். சங்கத்தில கண்டிருப்பான். அவளில நல்ல விருப்பம் போல.”

அந்தப் பக்கம் நெடுநேரம் அழுகை. பிறகு சொன்னாள்.

“அவன் கூப்பிட்ட பிள்ளைய ஒரு தடவ கூட்டிட்டு வாங்கண்ணா. இவர் கார விக்க மாட்டேங்கிறார், அவன் கடைசியா இருந்த எடம்னு. அந்த சீட்ல அவள ஒரு நிமிஷம் உக்கார வச்சுப் பாக்கணும். அது போதும் எனக்கு.”

பக்கத்தில் நின்ற கஜந்தினி போனை வாங்கி, ஞாயிறு வருகிறோம் என்று தானும் அழுதபடி வாக்குக் கொடுத்தாள். அவன் வேண்டாம் என்றான். “பிள்ளையைப் பறிகுடுத்தவள் கேக்கிறாள். உங்களுக்கென்ன கல்லு நெஞ்சே?” என்றாள். ஏன் வேண்டாம் என்று சொன்னால், அர்த்தம் அந்தப் புதன்கிழமையே தனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு. 3.25.

ரத்னா அட்சயாவைத் தூக்கிப் பின் இருக்கையில் இருத்தினாள். சாவி ராம்பிரசாத்தின் பையில். கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு யசீகரன் நின்றான்.

கதவு அவன் கையை உதறியது.

தானாகச் சாத்திக்கொண்டது.

டக்...

எஞ்சின் ஓடத் தொடங்கியது.

டைமரில் 14.

புதிதாகப் போட்ட கண்ணாடி உள்ளிருந்து வியர்க்க ஆரம்பித்தது.

டப்... டப்... டப்...

முழங்கையால் கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தான். மணி 3.26. ஒரு நிமிடம்தான். பிள்ளைக்கு மூச்சு இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மாலையே வீட்டுக்குக் கூட்டிவந்து, கஜந்தினி சோறு குழைத்துத் தீத்திவிட்டாள்.

ஆனால் பிள்ளை அதன் பிறகு தமிழும் பேசவில்லை, இங்கிலீசும் பேசவில்லை. வாயில் இருந்து வந்தது ஒரே ஒரு வரி. யாருக்கும் புரியாத வரி. அப்பாவின் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னாள், திரும்பத் திரும்ப. மூன்றாம் நாள் யசீகரன் அதைக் கேட்டபடியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டுபோய், யூகோவுக்கு வாசித்துக் காட்டினான்.

யூகோ இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அதன் பிறகு அவள் அந்த யார்டுக்கு வரவே இல்லை. போகும்முன் அர்த்தத்தை மட்டும் சொன்னாள்.

“அப்பா, கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்றுதானே சொன்னீர்கள்?”