ஆறாவது கிளாஸ்

கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது சாமான். அதற்கு உரிய முகத்தை அப்புறம்தான் தேடிப் பொருத்திக்கொள்வான். மளிகை, மருந்து, துணி என்று எந்தக் கடையில் நின்றிருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்கும். சாயங்காலம் ஆனால் கெண்டைக்கால் நரம்பு என்ன பேசும் என்பதும் தெரிந்திருக்கும்.

நான் இரண்டு கல்லாக்களில் நின்றவன். என் மனைவி விமலாவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் டூல் ரூமில் இருந்த நான் மூட்டை கட்டிக்கொண்டு கூடவே போனேன். அங்கே ஒரு சின்ன ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருஷம். திரும்பி வந்து, ஓசூர் பாகலூர் ரோட்டில் சொந்த மளிகைக் கடை. இப்போது நான்காவது வருஷம்.

வரும்போது ஒரு வியாபார யோசனையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். பண்டிகைக் கிரிஸ்டல் கிளாஸ். அதை இங்கே நடத்திப் பார்த்ததில் இசக்கியம்மா என்ற வாடிக்கையாளருக்கு மகள் கல்யாணத்துக்குள் ஆறாவது கிளாஸ் கைக்கு வருமா வராதா என்று நானும் அவரும் சேர்ந்து தவித்தோம். அதைச் சொல்லுமுன், யோசனை பிறந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

பூனைச் சாப்பாடு

அங்கே கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கடையில் கிரிஸ்டல் கிளாஸ்கள் வந்து இறங்கிவிடும். பனிப்பூ செதுக்கி, அடியில் அந்த வருஷத்தைப் பொறித்திருப்பார்கள். மளிகை வாங்கினால் ஸ்டாம்ப் கொடுப்போம். அட்டையில் ஒட்டி நிரப்பினால் ஒரு கிளாஸ். ஆறு அட்டைக்கு ஆறு கிளாஸ். ஆறும் சேர்ந்தால் ஒரு செட். அடுத்த வருஷம் வேறு டிசைன் வரும், பழையது எங்கே தேடினாலும் கிடைக்காது.

ஐந்து சேர்த்துவிட்டவர்களைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். கண்ணில் ஒரு பதற்றம் இருக்கும். வேண்டாததையெல்லாம் வண்டியில் போடுவார்கள். கடைசி நாளன்று எழுபது தாண்டிய ஓர் அம்மாள் பூனைச் சாப்பாட்டு டின்களை மலைபோல் அடுக்கிக்கொண்டு வந்தார். ஸ்டாம்ப்பைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, எத்தனை பூனை வளர்க்கிறீர்கள் என்று கேட்டேன். கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தபடி அவர் சொன்னார்:

"பூனையே இல்லை. இனிமேல்தான் ஒன்று வாங்க வேண்டும்."

கல்லுப்பு

வெளிநாட்டில் மளிகை வாங்கப் போகிற நம் ஆட்களை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, பின்பக்கம் இருப்பதைப் பரீட்சைத் தாள் மாதிரி படிப்பார்கள். அப்படி நாமக்கல்லிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு தம்பதி என் கல்லாவுக்கு வந்தார்கள். கூடையில் எலுமிச்சம்பழம், மிளகாய்ப் பொடி, கூடவே ஒரு பெரிய பொட்டலம் கல்லுப்பு. முகமெல்லாம் சந்தோஷம். ஊறுகாய் போடப் போகிறார்களாம்.

அது பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் போடுகிற உப்பு. பார்த்தால் நம் ஊர்க் கல்லுப்பேதான். நானும் முதல் வருஷம் அதை வாங்கிக் குழம்பு வைக்கப் போக, விமலா கடைசி நிமிஷத்தில் கையைப் பிடித்தாள். தமிழில் விஷயத்தைச் சொன்னேன். என் தமிழைக் கேட்டு ஆச்சரியப்பட அவர்களுக்கு நேரமில்லை. அந்தப் பெண் பொட்டலத்தைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"பாத்திரத்துக்கு மட்டும் கல்லுப்பாண்ணா, மனுசனுக்குப் பொடி உப்பா?"

பாயின் கணக்கு

இங்கே கடை தொடங்கி மூன்று வருஷம் யோசனையைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். அப்புறம் ஆசை விடவில்லை. பூனை இல்லாதவரைப் பூனைச் சாப்பாடு வாங்க வைத்த அந்தச் சக்தி, இங்கேயும் வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியில் கண்ணாடிச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் கரீம் பாயிடம் போனேன். அவருக்குத் தெரிந்த ஒருவர் கிளாஸில் படம் செதுக்குவார்.

அயர்லாந்தில் ஒரே பண்டிகை. நமக்கென்ன குறைச்சல்? ஆயுத பூஜையில் ஆரம்பித்துப் பொங்கலில் முடிகிற மாதிரி ஆறு கிளாஸ் திட்டம் போட்டேன். ஓசூரில் ஆயுத பூஜை என்றால் இயந்திரத்துக்கெல்லாம் பொட்டு வைக்கிற நாள், அதற்குப் பல்சக்கரம். தீபாவளிக்கு மத்தாப்பு, கார்த்திகைக்கு அகல், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், புது வருஷத்துக்குக் கடிகாரம், பொங்கலுக்குக் கரும்பு. காகிதத்தில் வரைந்து பெருமையாக நீட்டினேன். பாய் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"ஆறு பண்டிகை போட்டிருக்கீங்க சார், சந்தோஷம். பிரியாணி போடற பண்டிகைய மட்டும் விட்டுட்டீங்களே."

தட்டிக் கேட்டல்

முதல் கிளாஸை அலமாரியில் வைத்த வாரம் நான் ஒரு விஷயம் கவனித்தேன். அங்கே கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள்; இங்கே விரல் முட்டியால் தட்டிக் கேட்டார்கள். தேங்காய்க்கு என்ன சோதனையோ அதேதான். நல்ல கிரிஸ்டல் ஒரு தட்டுக்கு நீளமாக ரீங்காரம் போடும். கடையில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். எனக்கே அது புது அனுபவம். பதினோரு வருஷம் கையாண்ட சாமானுக்குக் குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்த ஒருவர், சத்தத்தில் மயங்கி அட்டை கேட்டுக் கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற மனைவி அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"தண்ணி குடிக்க சொம்பு இருக்குதுங்க. இத வூட்டுக்குக் கொண்டாந்தா இவரு என்னத்த ஊத்துவாருன்னு எனக்குத் தெரியும்."

அண்ணாச்சி

ஓசூரில் என்னை சார் என்பார்கள், அண்ணா என்பார்கள். அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் இசக்கியம்மா. தென்காசிப் பக்கம். இருபது வருஷமாக இங்கே ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வந்துவிடுவார். பல்சக்கரத்தை முதலில் வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். மத்தாப்பும் அகலும் தவறவில்லை.

நட்சத்திரக் கிளாஸைக் கையில் வாங்கியபோது, கடைசிக் கிளாஸ் எப்போது வரும் என்று கேட்டார். பொங்கலுக்கு என்றேன். முகம் மாறிவிட்டது. தை முதல் முகூர்த்தத்தில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. கிளாஸ்களை அடுக்கிய சீர்த்தட்டோடு மகளும் அங்கே போய்விடுவாள். பொங்கலுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே சில நாள்தான். கண்டிப்பாக வந்துவிடும் என்று நான் சத்தியம் செய்யாத குறை. எனக்குள்ளே ஒரு பெருமிதம் வேறு. இதோ, நாலாவதிலேயே ஐந்து சேர்த்தவர்களின் அதே பதற்றம், அதே கண்!

"கல்யாணத்துக்கு முந்தின நாளாவது வந்துரணும் அண்ணாச்சி. ஆறும் கைக்கு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அஞ்சோடு நின்ற அட்டைகள்

ஜனவரி பிறந்ததும் கடையில் ஒரு மர்மம். கடிகாரக் கிளாஸ் வரைக்கும் ஆசை ஆசையாகச் சேர்த்தவர்கள், ஆறாவது அட்டையைத் தொடவே இல்லை. கையில் திணித்தாலும் "இருக்கட்டுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அயர்லாந்தில் ஐந்தாவதோடு வெறி பிடிக்கும். இங்கே ஐந்தாவதோடு தெளிந்துவிடுகிறதே! கரும்பு டிசைன் பிடிக்கவில்லையா, என் மேல் ஏதும் வருத்தமா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன்.

கடையில் பில் போடும் மஞ்சுளா பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், கடையில் தமிழ். அவரிடம் கேட்டேன். பருப்பு மூட்டையைத் தைத்த நூலைப் பிரித்துக்கொண்டே பதில் சொன்னார். இதில் யார் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள்? கிரகப்பிரவேசம், கல்யாணம் என்று யாருக்காவது கொடுக்கத்தான் வாங்குகிறார்கள். கொடுக்கிறது என்றால் ஒற்றைப்படையில்தானே கொடுக்க வேண்டும்? அஞ்சு வைக்கலாம், ஏழு வைக்கலாம். ஆறை எந்தத் தட்டில் வைப்பார்கள்? அவர் நூலைச் சுருட்டிக் கீழே போட்டார்.

"அஞ்சாவது வரைக்கும் இந்த ஊர் ஸ்கூல்ல கன்னடம் படிச்சீங்க, அப்புறம் தமிழ் படிச்சீங்க, அங்க போயி இங்கிலீஷ் பேசுனீங்க. எந்த பாஷையிலயும் இத உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா சார்?"

காலியான ஊர்

அப்படியானால் இசக்கியம்மா மட்டும் ஏன் ஆறு கேட்கிறார்? தெரியவில்லை. செட் என்றால் என்ன என்று புரிந்த ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டேன். அவருக்காகவாவது கரும்பு வந்தாக வேண்டும்.

வரவில்லை. பொங்கல் கிளாஸைப் பொங்கல் வாரத்தில் வரவழைத்த புத்திசாலி நான். இந்த ஊரில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்; பொங்கலுக்கு ஓசூரே பஸ் ஏறிப் போய்விடும். கிளாஸ் செதுக்குகிறவரும் மதுரைப் பக்கம் போய்விட்டார், பெட்டியிலிருக்கும் கிளாஸ்களோ செதுக்காமல் கிடக்கின்றன என்று பாய் போனில் சொன்னார். கல்யாணத்துக்கு இரண்டே நாள். இசக்கியம்மா காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வந்து வாசலில் நின்று அலமாரியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் கடையை மஞ்சுளாவிடம் விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். பாய் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போதுதான் பார்த்தேன்: அவர் மேஜையில் பேனாக்கள் செருகியிருந்த கிளாஸில் ஒரு கரும்பு. ஆரம்பத்தில் மாதிரிக்கென்று செதுக்கியது. பாய் பேனாக்களைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே போய்த் தானே கழுவித் துடைத்து, நாலு சுற்றுக் காகிதம் சுற்றிக் கொடுத்தார். ஊருக்குப் போனவர்களெல்லாம் திரும்புகிற நாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"முட்டையா சார்? முன்னாடி வந்து உக்காருங்க. பின்னாடி நின்னா சூளகிரி வர்றதுக்குள்ள ஆம்லெட் ஆயிரும்."

தட்டு

இசக்கியம்மா கடையில் எனக்காகக் காத்திருந்தார். கூடவே மற்ற ஐந்து கிளாஸ்களும் ஓர் அட்டைப் பெட்டியில். தட்டில் அடுக்கி மேலே பளபளக்கும் காகிதம் சுற்ற, நேரே மண்டபத்துக்குப் போகிறாராம். கரும்பைப் பிரித்து நீட்டினேன். தட்டிப் பார்த்தார், ரீங்காரம் அடங்கும்வரை காதோடு வைத்திருந்தார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் ஏதோ பரீட்சையில் தேறின மாதிரி இருந்தது.

அப்புறம் அதைப் பழையபடி காகிதத்தில் சுற்றி, பெட்டியில் வைக்காமல், தோளில் மாட்டியிருந்த கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பதறிவிட்டேன். "அம்மா, அதையும் சேர்த்து வையுங்க, செட் பிரியக் கூடாது" என்றேன். தட்டுக்கு அஞ்சு போதும் என்றார். அஞ்சு போதுமென்றால் இத்தனை நாள் இந்த ஆறாவதுக்கு ஏன் இப்படி அலைந்தீர்கள் என்று நான் கேட்டுவிட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்.

"இது எங்க வீட்டு அலமாரில இருக்கட்டும் அண்ணாச்சி. எம்மவளுக்கு எதுலயும் ஒண்ணு கொறஞ்சா பொறுக்காது. அஞ்சப் பாக்கும்போதெல்லாம் ஆறாவது எங்கன்னு தேடி வரணும்லா?"

செட்டை முழுசாக்குவதற்கென்று நான் கிருஷ்ணகிரி போய் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த கிளாஸ், செட்டைப் பிரிப்பதற்காகத்தான் வேண்டியிருந்தது என்று கடைசியில் தெரிந்துகொண்டவனுக்கு, பதினைந்து வருஷக் கல்லா அனுபவம் இருக்கிறது என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்?