நாமும் நாங்களும்

இன்று அச்சகத்தில் மை வாசனை வந்ததும், ஆந்திராவின் சித்தூரில் இப்போது இல்லாத எங்கள் தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. பழைய தலைவர்களின் சொற்பொழிவுகளை கிரேஸ் டீச்சர் மை மணக்கப் படியெடுத்துத் தந்து, ‘நாம்’ எங்கே வருகிறது, ‘நாங்கள்’ எங்கே வருகிறது என்று கோடு போடச் சொல்லி, ஏன் மாற்றினார்கள் என்று களைத்த குரலில் கேட்டுக்கொண்டே இருப்பார். எட்டாம் வகுப்பு முடியும்போது வந்த கல்வி அதிகாரி, நாம் ஒரே குடும்பம் என்று தொடங்கி, தமிழ்ப் பிரிவை நாங்கள் மூடுகிறோம் என்று முடித்தார்.

நான் எழுந்தேன். “முதல்ல நாம்னீங்க, இப்ப நாங்கன்றீங்க. நடுவுல எங்கள எங்க சார் உட்டுட்டீங்க?”

டீச்சர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “பசங்க கேட்டுக்கினு இருக்காங்க, சொல்லுங்க சார்,” என்றார்.

அதிகாரி ஜீப்பில் ஏறினார். ஜூனில் டீச்சர் பலமனேருக்கு மாற்றலாகிப் போனார். நாங்கள் தெலுங்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம்.